கரை காத்தவர்

தங்கச்சி கிளடிஸ் ஊரிலிருந்து வந்திறங்கிய சந்தோசத்தில் இக்னேசியஸ் வீட்டில் விருந்து. எல்லாரும் சாப்பிட இருக்கும்போது மகள் றெபேக்கா தன் பள்ளிக்கூடக் கட்டுரையைச் சொல்லத் தொடங்கினாள்.

"நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி, தென்னமெரிக்காவில ஒரு துறைமுகத்தை எதிரிக் கப்பலுகள் மறிச்சு நிண்டதாம். ஆரோ ஒரு வெள்ளைக்காரன் போய், அந்தச் சனத்தோட நிண்டு கரையைக் காத்தவனாம்."

"உதென்ன பெரிசு?" என்றார் இக்னேசியஸ். "தொண்ணூறில எங்கட கரையை நேவி மறிச்ச நேரம், ஷெல்லடிக்குள்ள நிண்டு மண்மூட்டை அடுக்கினவன் நான்!"

புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் மல்வேர்னில் ஒரு பிறந்தநாள் வீடு விடாமல் அவர் சொல்லிவந்த கதை அது. வந்தவர்கள் தலையாட்டினார்கள்.

"வெயிற் அப்பா, இன்னும் முடியேல்லை. அவன் அங்க போகவேயில்லையாம். தப்பி வந்த சனத்திட்டக் கேட்டு, தான் செய்தமாதிரிப் புத்தகம் எழுதினவனாம். சரியான லூசர்!"

எல்லாரும் சிரித்தார்கள். இக்னேசியஸுக்குக் காது சுட்டது. குசினிக்குள் நின்ற கிளடிஸ் சொதிச் சட்டியோடு வெளியே வந்தாள். அவரால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

றெபேக்கா விடவில்லை. "மாமி, அப்பா மூட்டை அடுக்கினதை நீங்கள் கண்டனீங்களோ?"

கிளடிஸ் காய்ப்பேறிய கையால் அண்ணனின் புட்டுக்குச் சொதி விட்டாள்.

"ஓம் பிள்ளை. எனக்குப் பக்கத்திலதான் நிண்டவர்."

இக்னேசியஸ் புட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. கிளடிஸ் தனியே மண்மூட்டை அடுக்கிய அந்தத் தொண்ணூறாம் ஆண்டு, அவர் ஏற்கெனவே கடல் கடந்து வந்து, இங்கே பிறம்ரனில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.