வரவேற்புப் பாயிண்ட்

விமான நிலைய லவுஞ்ச் வாசலில் அண்ணன் கிரெடிட் கார்டை நீட்டினான்.

மேசையில் இருந்த பெண் அவன் பின்னால் நின்றவளைப் பார்த்தாள். "இவங்க?"

"கூட வந்திருக்காங்க. ஒருத்தருக்கு இலவசம்தானே?"

தங்கச்சி என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

அவள் மெத்தை நாற்காலியில் புதைந்ததும் அவன் இரண்டு தட்டு நிறைய அள்ளிக்கொண்டு வந்தான். அவள் எதையும் தொடவில்லை. மடியில் புகார்க் கோப்பு இருந்தது.

நாளை விசாரணை.

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தபோது பெட் இல்லை என்று இரண்டு நாள் இழுத்தடித்த ஆஸ்பத்திரி. மூன்றாம் நாள்தான் சேர்த்துக்கொண்டார்கள். குடல் அழுகிவிட்டிருந்தது. கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே என்றார் டாக்டர். ஊரிலிருந்து ஓடி வந்து சேர்ந்தவளுக்கு அந்த 'முன்னாடியே' மட்டும் ஒரு வருடமாகக் காதிலேயே நின்றது.

பெட் காலியாக இருந்தது, யாரும் எங்களுக்குப் போன் செய்யவே இல்லை என்று ஆஸ்பத்திரி பதில் போட்டிருந்தது. சேர்க்கைப் பிரிவுப் பெண்ணும் அதையே எழுதிக் கொடுத்திருந்தாள். பச்சைப் பொய். புகார் போனதும் அந்தப் பெண்ணை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். தங்கைக்கு அது போதவில்லை. வேலையே போகவேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன், பெட் இல்லையாம் என்று சொன்னவன் அண்ணன். சாட்சி அவன் ஒருவன்தான். போன உசிரு திரும்பி வருமா, விட்டுத் தொலை என்று ஒரு வருடமாக நழுவிக்கொண்டிருந்தவனைக் கிட்டத்தட்ட காதைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள்.

அவன் கேக்கை மென்றபடி கார்டை அவள் முன்னால் தள்ளினான்.

"நீதான் ஊர்க் கணக்கெல்லாம் பாக்குறவளாச்சே. வருஷக் கட்டணம் கேட்டு உயிரை எடுக்குறான். கட்டலாமா, தலைமுழுகிடலாமா?"

"அம்மா கேஸுக்குப் போயிட்டிருக்கோம்ணா."

"அதுக்கு? வாயை மூடிக்கிட்டு உக்காரணுமா?"

கறுப்புக் கார்டு. ஓரத்தில் வெள்ளியில் ஒரு குட்டி விமானம்.

"வருஷத்துல எத்தனை தடவை பிளேன் ஏறுறே?"

"இதான் முதல் தடவை."

"அப்போ தண்டம். வெட்டிப் பந்தாவுக்கு வாங்கியிருக்கே. அந்தக் காசுக்கு இன்னொரு டிக்கெட்டே எடுத்திருக்கலாம்."

அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. பந்தா என்று அவள் சொன்னால் சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஆகாது.

"தண்டமா? நீ வர்ற டிக்கெட்டே இதுல வந்ததுதான், தெரியுமா? வரவேற்புப் பாயிண்ட். புதுக் கார்டுல எடுத்த எடுப்பிலேயே பெரிய தொகையாத் தேய்ச்சாத்தான் குடுப்பான். பழசுல தேய்ச்சிருந்தா ஒண்ணும் தேறியிருக்காது. காலையில கூரியர்ல கார்டு வந்துச்சு, மத்தியானம் ஆஸ்பத்திரியில ஒரே தேய்ப்பு. அத்தனை பாயிண்ட்டும் மொத்தமா ஏறிடுச்சு. யாருக்குடி வரும் இந்த மூளை?"

அவள் அவனைப் பார்த்தாள்.

"அம்மாவைச் சேர்த்த அன்னிக்குக் காலையிலதான் வந்துச்சா?"

"ஆமா. ரெண்டு நாளா அந்தக் கூரியர்காரனுக்குப் போன் போட்டுப் போட்டு..."

மெல்லுவது நின்றது. வாயோரத்தில் கிரீம் ஒட்டியிருந்தது. அவன் துடைக்கவில்லை.

பின்னால் காபி இயந்திரம் யாருக்கோ பால் நுரைத்துக்கொண்டிருந்தது.

அவர்களுடைய விமானத்துக்கு அழைத்தார்கள். அவள் கார்டை அவன் பக்கம் திரும்பத் தள்ளினாள். கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கு அங்க..." அவன் குரல் எங்கோ கீழே போயிருந்தது. "அங்க நான் என்ன சொல்லணும்?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்லிக்கிறேன்."

"என்னன்னு?"

"பெட் இருந்துச்சுன்னு."