நர்ஸ் வருகிற நாள்

கதவு திறந்ததும் கைதட்டினோம்.

பனிக்கட்டித் தரையில் கல்லைத் தள்ளி விளையாடும் கர்லிங் கூடத்தில் ஊரே கூடியிருந்தது. நர்ஸ் உள்ளே காலை வைத்ததும் கூரை அதிரத் தட்ட வேண்டும் என்பது க்ளாடிஸின் உத்தரவு. வரவேற்புக் குழுவுக்கு அவள்தான் தலைவி. நர்ஸிடம் போனில் பேசிப் பேசி வரவழைத்தது நான்.

போன தடவை வந்த நர்ஸ் எங்கள் பெர்ரி கேக்கை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, ஊர்க்காரர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்கு முந்தியவள் பனியைப் பார்த்ததுமே காரைத் திருப்பிவிட்டாள்.

டாக்டர் ஓய்வுபெற்றுப் போனதிலிருந்து இதே பாடுதான். டாக்டர் வேண்டாம், நோயைப் பார்த்து மருந்து எழுதித் தரும் தகுதியுள்ள ஒரு நர்ஸ் கிடைத்தால் போதும் என்று இறங்கி வந்துவிட்டோம். இந்தப் பனிக்காலம் முடிவதற்குள் ஆள் வராவிட்டால் ஆஸ்பத்திரியை இழுத்து மூடிவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள்.

அதனால் இவளை விடுவதாக இல்லை. மேஜையில் முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய சோற்றிலிருந்து ஆவி பறந்தது. அவளுக்கென்று வெள்ளையடித்து வைத்த வீட்டின் சாவிக்குச் சிவப்பு நாடா கட்டியிருந்தது.

"ஏன்டா லோர்ன், பாக்கெட்டுக்குள்ள கையை விட்டுக்கிட்டு நின்னா நர்ஸ் தங்கிடுவாளா? ரெண்டு கையாலயும் தட்டணும், தெரியுதா?" என்று க்ளாடிஸ் திட்டியிருந்தாள். கதவு திறந்ததும் எல்லோருக்கும் முந்தித் தட்டியவன் லோர்ன்தான்.

வாசலில் நின்றவளுக்குத் தலையில் தொப்பி இல்லை. ஒரு கையில் மட்டும் கையுறை. ஏதோ சொன்னாள். கைதட்டலில் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேறு வரவேற்புப் பாட்டை ஆரம்பித்துவிட்டன.

அவள் அலறினாள்.

"நிறுத்துங்க! கார்ல என் வீட்டுக்காரர்... மூச்சு இல்ல. டாக்டர், நர்ஸ், யாராவது இருக்கீங்களா இங்க?"

கைகள் அப்படியே நின்றன. நர்ஸைத் தேடுகிறவள் நர்ஸாக இருக்க முடியாது.

முதலில் எங்களுக்கு வந்தது ஏமாற்றம்தான். அப்புறம்தான் வெளியே ஓடினோம்.

நல்ல வாட்டசாட்டமான மனிதர். நாலு பேர் சேர்ந்து இறக்கிப் பனியில் கிடத்தினோம். காலில் புத்தம்புது பூட்ஸ். அவள் மண்டியிட்டு அவர் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தாள்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாயிற்று; பக்கத்து நகரத்திலிருந்து வர வேண்டும். காற்று இப்படி அடித்தால் ஒரு மணி நேரமாவது ஆகும்.

க்ளாடிஸ் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதம்மா, எங்க நர்ஸ் வந்துக்கிட்டே இருக்கா. உன் நல்ல நேரம், இன்னிக்கின்னு பார்த்து வர்றா."

அவள் ஒரு முறை நிமிர்ந்து க்ளாடிஸைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பேச மூச்சு மிஞ்சவில்லை. மறுபடி குனிந்து, ஒன்று இரண்டு என்று எண்ணியபடி அழுத்தினாள்.

நின்ற இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் பெட்டி கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தது. அதை லோர்ன் தூக்கிக்கொண்டு வந்தான். எப்படிப் பொருத்துவது என்று மூடியில் படம் போட்டிருக்கும். அவள் படத்தைப் பார்க்காமலே பொருத்தினாள். ஷாக் கொடுத்துப் பலனில்லை என்று பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. மறுபடியும் அதையே சொன்னது.

"நீ வாப்பா. முழங்கையை மடக்காத. இன்னும் ஆழமா அழுத்து" என்று லோர்னிடம் இடத்தை விட்டாள்.

நாங்கள் பாதிப் பேர் அந்த மனிதருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கு ரோட்டையே பார்த்தபடி நின்றோம். நர்ஸ் அந்த வழியாகத்தான் வர வேண்டும்.

தூரத்தில் விளக்கு தெரிந்தது. "வந்துட்டா, வந்துட்டா!" என்று பிள்ளைகள் குதித்தன. பக்கத்தில் வந்ததும் பார்த்தால் கோதுமை ஏற்றிய லாரி. எங்களைப் பார்த்து ஹார்ன் அடித்துவிட்டுப் போய்விட்டது.

எனக்கு அந்த நர்ஸ் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கிறது. சொன்ன நேரத்துக்கு வரத் துப்பில்லாதவள் எங்கள் ஊருக்கு எதற்கு?

அந்தப் பெண் லோர்னின் கைகளை மெதுவாக எடுத்துவிட்டாள். கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். நெஞ்சில் காதை வைத்து, வெகுநேரம் அப்படியே இருந்தாள். அவர் இமைகளில் விழுந்திருந்த பனியைத் துடைத்தாள்.

"மணி என்ன?"

லோர்ன் சொன்னான்.

"மூணு நாப்பது," என்றாள். அலறல் எல்லாம் அடங்கிய குரல். "இறந்த நேரம் மூணு நாப்பது. ஆம்புலன்ஸ்காரங்க கேப்பாங்க, ஞாபகம் வெச்சுக்கங்க."

டாக்டர் போன பிறகு எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொல்லும் தகுதி யாருக்கும் இல்லை. செத்தவர்களைக்கூட நகரம்வரை ஏற்றிக்கொண்டு போய்த்தான், செத்துவிட்டார் என்று கேட்டுக்கொண்டு வருவோம்.

அது மட்டுமில்லை. அந்தக் குரல் எனக்குத் தெரியும். வாரக்கணக்கில் போனில் கேட்ட குரல்.

"ஜோஸலின்?" என்றேன்.

என் குரலைக் கேட்டதும் அவளும் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மிர்னா அக்காதானே? அவருக்கும் ஊர் பிடிச்சாத்தான் நீ தங்குவே, கையோட கூட்டிட்டு வந்து காட்டுன்னு சொன்னீங்களே. கூட்டிட்டு வந்துட்டேன்க்கா."