சுவரில் வந்த வெண்பா

பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு சீர் பிரித்தாள். நேர், நிரை. நேர், நேர்.

ஓரிடத்தில்கூடத் தளை தட்டவில்லை.

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

எதிரே ஆலை அதிகாரி கைகட்டி உட்கார்ந்திருந்தார். மரியாதை தெரிந்த மனிதர். ஆலைச் சுவரில் யாரோ இரவோடு இரவாக எழுதிவிட்டுப் போன நாலு அடி அது. எங்கள் ஆபீசில் ஒருவருக்கும் பிடிபடவில்லை, தமிழ் டீச்சர் நீங்கள்தான் விளக்க வேண்டும் என்று காகிதத்தை நீட்டியிருந்தார்.

யார் எழுதியது என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை என்றுதான் உட்கார்ந்தாள். ஆலை வாசலில் கோஷம் போட்டவர்களில் ஒருவன் இன்னும் வீடு திரும்பவில்லை. எழுதியவர் யாரென்று அவளுக்குத் தெரியவும் தெரியாது.

அவர் அதைக் கேட்கவே இல்லை. யாப்பைத்தான் கேட்டார்.

யாப்பில் என்ன வந்துவிடப்போகிறது?

நேரிசை வெண்பா என்றாள். இரண்டாம் அடியின் கடைசியில் தனிச்சொல் எவ்வளவு பாந்தமாக வந்து உட்கார்ந்திருக்கிறது என்று காட்டினாள். இதெல்லாம் தானாக வராது, யாராவது சொல்லித்தர வேண்டும். இந்த ஊரில் அதற்கு இருப்பது தன் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றுதான். அதையும் சொன்னாள். பெருமை தாங்கவில்லை.

வெறும் கேலிப் பாட்டுதானே என்றார் அவர்.

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அரைகுறையாய்ப் படிப்பவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

"மேலுக்குத்தான் சார் கேலி. கடைசி அடியப் பாருங்க, அழுகை. வீட்ல யாரையோ பறிகொடுத்தவங்கதான் இப்படி எழுத முடியும்."

அவர் மெதுவாகத் தலையசைத்தார். ரசித்தார் என்றே நினைத்தாள்.

பேனாவை எடுத்து அந்தக் கடைசி அடிக்குக் கீழே ஒரு கோடு போட்டார்.

அந்தக் கோட்டைப் பார்த்ததும்தான் அவளுக்கு உறைத்தது.

போன மாதம் ஆலையின் கழிவுத் தொட்டியில் இறங்கிய மூன்று பேர் மேலே வரவில்லை. மூன்று வீட்டில் துக்கம். வெண்பா எழுதத் தெரிந்த வீடு ஒன்றுதான். அவளுடைய வகுப்பில் முதல் வரிசையில் உட்காருகிற எஸ்தரின் வீடு.

பாவி, நானே காட்டிக்கொடுத்துவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வணக்கம் சொல்லி எழுந்தார். வாசல்வரை போய்விட்டார்.

"நான்தான் சார் எழுதினேன்" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "வேணும்னா இப்பவே இன்னொண்ணு எழுதித் தர்றேன். அச்சு அசல் அதே மாதிரி."

அவர் திரும்பினார். முகத்தில் கோபமே இல்லை.

"உங்க வீட்ல யாரும் சாகலியே, டீச்சர்."