நுளம்பு வலைக்குள் ஒரு மரம்

ஒரு பூனைக்காக ஒரு கட்டிடமே இரண்டு தரம் கூட்டம் வைத்ததைக் கேள்விப்பட்டிருக்கிறீங்களா?

வெள்ளவத்தையில் வைத்தார்கள். எங்கள் பக்கத்துக் கட்டிடத்தில்தான்.

அங்கே குடியிருப்பாளர் சங்கத் தலைவர் இரத்தினசிங்கம், லிப்ட் வாசலுக்கு அருகில் ஒரு கிறிஸ்மஸ் மரம் வைத்தார். மரம் வைத்தவர் சைவக்காரர். உச்சியில் நின்ற கண்ணாடி நட்சத்திரத்தைக் கனடாவில் இருந்து அனுப்பியவர் ஐந்தாம் மாடி வீட்டின் சொந்தக்காரர் தனஞ்சயன். அவரும் சைவக்காரர். கட்டிடத்தில் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், என்று இருந்தது பேதுரு அண்ணர் ஒருவர்தான். அவரை ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டாம் நாளே மரத்தில் தொங்கிய ஒரு கண்ணாடிப் பந்து உடைந்தது. மரத்தின் கீழே அகப்பட்டது முதலாம் மாடி பைறோஸாவின் பூனை, லட்டு. அது எதையும் தொடவில்லை. சும்மா படுத்திருந்தது. அது போதும்.

முதற்கூட்டம்.

"உங்கட பூனை எங்கட மரத்தை நாசமாக்குது, பிள்ளை."

"இல்ல அங்கிள். ஊட்டுக்குள்ள சூடு. தூங்கத்தான் அங்க போற."

"நித்திரை கொள்ள மரத்தடிதான் கிடைச்சுதோ? இனி ஒரு பிராணியும் கீழ வரக்கூடாது."

தலைவர் மடியில் கிடந்த பிரின்ஸ் கொட்டாவி விட்டது. பிரின்ஸ், பஞ்சுப்பொதி மாதிரி ஒரு வெள்ளைப் பொமரேனியன்.

"அப்ப இது?" என்றார் பேதுரு அண்ணர்.

"பிரின்ஸ் பிராணியில்லை, பேதுரு. வீட்டுப்பிள்ளை. பழக்கி வளர்த்தது."

"பாலன் யேசு பிறந்ததே மாட்டுக்கொட்டில்ல, தலைவர். அவருக்குப் பூனை பெரிய பிரச்சினையா இராது."

"உங்களுக்கு இதின்ர பொறுப்பு விளங்காது."

பாதுகாப்பு தொடங்கியது. பூனைக்கு ஆரஞ்சு மணம் ஆகாதென்று மரத்தைச் சுற்றித் தோடம்பழத் தோல் போட்டார்கள். எறும்பு வந்தது. மிளகாய்த்தூள் தூவினார்கள். காவலாளி தும்மித் தும்மி லீவு போட்டார். கடைசியில் உச்சி முதல் அடிவரை நுளம்பு வலை கட்டினார் தலைவர். மரம், களுபோவில ஆஸ்பத்திரியில் டெங்குக் காய்ச்சலுக்குப் படுத்த ஆள் மாதிரி நின்றது. லிப்டுக்கு நிற்கிறவர்கள் வலைக்குள் எட்டிப் பார்த்து, "இண்டைக்கு எப்பிடி, கொஞ்சம் பரவாயில்லையோ?" என்று மரத்தைச் சுகம் விசாரித்துக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகும் இரண்டு பந்து உடைந்தது.

அடுத்த கூட்டத்தில் தலைவர் குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்கள் இங்க வாடகைக்கு இருக்கிறனீங்கள், பிள்ளை. பூனை போறதோ, நீங்கள் போறதோ எண்டு யோசிச்சுச் சொல்லுங்கோ."

பைறோஸா யோசிக்க என்ன இருக்கிறது? பிஸ்கட் பெட்டியில் ஓட்டை போட்டு, லட்டுவை வைத்து, தெமட்டகொடையில் இருக்கும் தாத்தா வீட்டுக்கு ஓட்டோவில் கொண்டுபோனாள். முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. மகள் பர்ஹா வழி முழுக்க ஓட்டைக்குள் விரலை விட்டபடியே வந்தாள்.

வீடு திரும்பிய நாளில் இருந்து அந்தச் சின்னவளுக்கு ஒரே கேள்வி.

"உம்மா, மரம் எப்ப முடியும்?"

சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு அதையே கேட்பாள்.

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து கட்டிடமே கண்ணயர்ந்திருந்த நேரம், கதவு மணி அடித்தது. தலைவர் நின்றார். கக்கத்தில் பிரின்ஸ்.

"வாங்க அங்கிள், உள்ளுக்கு."

"இல்லைப் பிள்ளை, நிண்டே கதைக்கிறன். லட்டு சுகமா இருக்கோ?"

அவர் வாயில் அந்தப் பெயர் வந்தது அதுதான் முதல் தரம்.

"சரியாத் திங்கிதில்லியாம் அங்கிள்."

"பாவம், வாயில்லாத சீவன். அதின்ர வீடு இதெல்லோ. நானும் யோசிச்சுப் பார்த்தனான், நாங்கள் கொஞ்சம் கடுமையாத்தான் நடந்திட்டம். போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ. இண்டைக்கே."

பர்ஹா உள்ளே இருந்து ஓடி வந்தாள். ஒரு காலில் சப்பாத்து ஏறியிருந்தது.

"மெய்யாவா அங்கிள்? லட்டு இனி இங்கதானா?"

"ஓம் மகள். ஓட்டோக்காசும் நானே தாறன்."

பைறோஸாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனிசனைப் போய் இவ்வளவு நாளும் வாய்க்குள் திட்டினேனே என்று வெட்கமாகக்கூட இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரின்ஸைத் தடவக் கையை நீட்டினாள்.

பிரின்ஸின் வாலில் ஒரு முழத்துக்கு வெள்ளிச் சரிகை தொங்கியது. பல்லிடுக்கில் நுளம்பு வலைத் துண்டு.

நீட்டிய கை அப்படியே நின்றது.

"அங்கிள், கீழ மரம்…?"

தலைவர் சரிகையை உருவித் தன் சேட்டுப் பைக்குள் போட்டார். லிப்ட் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டு மனிசரோடு கதைக்கிற மாதிரிச் சொன்னார்:

"ஆறு மணிக்குத் தனஞ்சயன் கனடாவில இருந்து வந்திறங்கிறான், பிள்ளை. வந்த உடனே நட்சத்திரத்தைத்தான் பார்ப்பான். அதுக்கு முதல் லட்டுவைக் கொண்டு வந்து, அந்தக் கண்ணாடித் துண்டுகளுக்குப் பக்கத்தில ஒரு பத்து நிமிசம் படுக்க வைச்சு விடுங்கோவன்."