கிழவி மட்டும் பரவாயில்லை

திரையில் சூனியக்காரக் கிழவி ஒரு முதலையை ஏசிக்கொண்டிருந்தாள். தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. சாரம்மாள் மட்டும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் தேவசிகாமணி வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ச்சேய்! சிரிக்க வேண்டிய எடத்துல அழுதுக்கிட்டு இருக்க! மூளையச் செருப்போட சேத்து வாசல்லயே கழட்டிப் போட்டுட்டியா?"

சாரம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் ஏசுவதும் இவள் கேட்டுக்கொள்வதும் அந்த வீட்டில் என்ன புதுசா?

சினிமா என்றாலே முகத்தைச் சுளிக்கிற மனுஷன் இங்கே வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு ஒப்பந்தம். அவர்களுடைய ஒரே மகள் ஃபெபி, வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் மெட்ராஸில் கல்யாணம் முடித்துக்கொண்டவள். அதற்குப் பிறகு அவள் பேரே வீட்டு ஜெபத்தில் வரக் கூடாது என்று ஆக்கிவிட்டார். அங்கே என்ன வேலை பார்க்கிறாள், எப்படி இருக்கிறாள் என்றுகூட அவர் கேட்டதில்லை.

அவள் வருகிற ஞாயிற்றுக்கிழமை புருஷனோடு பாளையங்கோட்டைக்கு வருகிறாளாம். சேதி கேட்டதும், "ஊருக்கு வரட்டும். எம் வாசப்படிய மிதிக்கப்படாது" என்று சொல்லிவிட்டார் தேவசிகாமணி.

சாரம்மாள் அழுதாள், கெஞ்சினாள், சாப்பிடாமல் படுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், "சரி, ஜங்ஷன்ல ஓடுத அந்தப் படத்துக்கு மட்டும் கூட்டிட்டுப் போங்க. ஃபெபி பேச்ச அதோட விட்டுருதேன்" என்றாள். சனியன் ஒழிந்தால் சரி என்று இவரும் கிளம்பிவிட்டார்.

வந்த பிறகல்லவா வயிற்றெரிச்சல்! அது அவர் ரிட்டயர் ஆகிற வரைக்கும் எட்டாம் வகுப்புக்கு நான்-டீடெயிலாக நடத்திய இங்கிலீஷ் கதை. நிழலைத் தொலைத்த ராஜகுமாரன் அதைத் தேடிக் கண்ணாடிக் காட்டுக்குப் போகிற கதை. அதைப் படமாக எடுத்து, தமிழிலும் டப்பிங் பேச விட்டு, ஒரு வழி பண்ணியிருந்தார்கள்.

"புத்தகத்துல அவன் நடந்துல்லா போவான்! இங்கன என்ன பறக்குத கட்டில்ல போறான்? எவன்ட்ட கேட்டு ஏத்துனானுவ?"

முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். "பைய பேசுங்க அண்ணாச்சி. நாங்களும் துட்டுக் குடுத்துத்தான் வந்திருக்கோம்."

பாட்டு வந்தது. ச்சேய் என்றார். ராஜகுமாரி பல்லைக் காட்டினாள். அதற்கும் ச்சேய். ராஜகுமாரன் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி காதலைச் சொன்னான். கிழவிக்கு மட்டும் எந்தப் புண்ணியவானோ சுத்தமான திருநெல்வேலித் தமிழைக் கொடுத்திருந்தான்.

வழி தெரியாமல் முழித்த ராஜகுமாரனைப் பார்த்துக் கிழவி இடுப்பில் கைவைத்தாள்.

"ச்சேய்! நெழலத்தான் தொலைச்சே, மூளையாவது இருக்கா? அதையும் செருப்போட சேத்து வாசல்லயே கழட்டிட்டியாலே?"

கைதட்டலில் தியேட்டர் அதிர்ந்தது. முன்வரிசைக்காரர் மறுபடியும் திரும்பினார். இந்தத் தடவை முறைக்கவில்லை. கிழவியைப் பார்த்தார், தேவசிகாமணியைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டார்.

நம்ம வாத்தியாருக்கு எங்கே உறைக்கப் போகிறது! "நியாயமான கேள்வி" என்று தொடையைத் தட்டினார். சாரம்மாள் மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே யூடியூப் சேனல்காரப் பெண் ஒருத்தி மைக்கோடு நின்றாள். "கிராபிக்ஸ் வேற லெவல்" என்று கத்தினான் ஒரு கல்லூரிப் பையன். "பிள்ளைக்குப் பிடிச்சுது, எனக்குத் தலைவலி" என்றாள் இடுப்பில் குழந்தையோடு வந்தவள். மைக் தன் பக்கம் வந்ததும் தேவசிகாமணிக்குப் பழைய வகுப்பறை திரும்பக் கிடைத்துவிட்டது.

"படமா இது? புத்தகத்த எவனாவது பிரிச்சுப் பாத்திருக்கானா? அட்டையப் பாத்துட்டு எடுத்திருக்கானுவ! ராஜகுமாரனுக்குப் பேசுனவன் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கான். ராஜகுமாரிக்குப் பல்லு இருக்குத அளவுக்கு நடிப்பு இல்ல. இதுக்குக் கைதட்ட ஒரு கூட்டம்! வெக்கமா இல்ல?"

"அப்போ எதுவுமே பிடிக்கலையா சார்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பேப்பர் திருத்தும்போதுகூட ஒரு மார்க் சும்மா போட்டவரில்லை.

"அந்தக் கிழவி மட்டும் பரவாயில்ல. குரல் குடுத்தவ எவளோ நம்மூர்க்காரிதான். ஏசுனா அப்படில்லா ஏசணும்! பெத்தவன் நல்லா வளத்திருக்கான். எங் கண்ணுல மட்டும் அவ பட்டான்னா, கையப் பிடிச்சு சபாஷ்னு சொல்லுவேன்."

"சூப்பர் சார், இப்பமே போட்டுருதேன்" என்றாள் அந்தப் பெண்.

ஆட்டோ ஆற்றுப்பாலத்தில் ஏறியது. நாலு பேருக்கு முன்னால் ஏசிவிட்ட திருப்தி அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

"இந்தா பாரு, படம் பாத்தாச்சு. சொன்ன சொல்லு ஞாபகம் இருக்குல்லா? ஃபெபி கிபின்னு இனி ஒரு பேச்சு வரப்படாது."

"அவளப் பத்தி நான் ஏன் பேசுதேன்?" என்றாள் சாரம்மாள். அவள் கண் காய்ந்திருந்தது. உதட்டில் சிரிப்புக்கூட இருந்தது.

"கிழவிக்குக் குரல் குடுத்தவ ஞாயித்துக்கெழம வாறா. சபாஷ வாசல்ல நின்னு சொல்லுவியளா, உள்ள கூப்பிட்டுச் சொல்லுவியளா?"