புது மாத்திரை

மரிசெலா டோர்ட்டியா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது கைப்பேசி அலறியது. அப்பாவின் இடது கையில் ஒட்டியிருக்கும் சர்க்கரை அளக்கும் கருவி அனுப்பிய எச்சரிக்கை. ஐம்பத்திரண்டு, இன்னும் இறங்குகிறது.

போன வாரம்தான் டாக்டர் அவருக்குப் புது மாத்திரை தொடங்கியிருந்தார். பழைய மாத்திரை சாது. இதுவோ, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினைக் கொட்ட வைக்கும். சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போனால் மயக்கம், வலிப்பு, அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தெம்பில்லை. அம்மா போனபிறகு அவளுக்கென்று இருப்பது அப்பா ஒருவர்தான்.

கூப்பிட்டாள், எடுக்கவில்லை. அப்பாவின் பக்கத்து வீட்டில் இருக்கும் தன் ஞானத்தாய் ஒதீலியாவைக் கூப்பிட்டாள். அவளும் எடுக்கவில்லை. மெக்காலன் நகரத்து வெயிலில், மாவுக் கையோடு வண்டியை விரட்டினாள். "மாதாவே, அப்பாவைக் காப்பாத்து" என்று வழியெல்லாம் புலம்பினாள்.

கதவை உடைக்காத குறையாகத் தட்டினாள். ஒரு வழியாக அப்பா சிப்ரியானோ கண்ணைக் கசக்கிக்கொண்டு திறந்தார். பின்னால் ஒதீலியா, கலைந்த தலையை அவசரமாக முடிந்துகொண்டு நின்றாள்.

"நல்ல வேளை ஒதீலியாம்மா, நீங்களாவது ஓடி வந்தீங்களே!" மரிசெலா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"எனக்கு என்னடி வந்துச்சு? மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்துட்டியே!" என்று சிடுசிடுத்தார் அப்பா.

அவர் விரலில் குத்திப் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டு. நம்ப முடியாமல், கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு மருத்துவமனைக்குப் பேசினாள்.

"கருவி மேல பாரம் அழுத்தினா, சர்க்கரை இறங்கின மாதிரி பொய்யாக் காட்டும்மா," என்றாள் நர்ஸ். "அப்பா அந்தக் கை மேல ஒருக்களிச்சுப் படுத்திருப்பார்."

"யாரு, நானா? மல்லாந்துதான் படுத்திருந்தேன். அசையக்கூட இல்ல!" அப்பா வீராப்பாகச் சொன்னார்.

நர்ஸின் குரல் மாறியது. "அப்படின்னா நிஜமாவே இறங்கியிருக்கலாம். ஆபத்தும்மா. மாத்திரையை மாத்தச் சொல்லி டாக்டர்கிட்ட பேசறேன்."

மரிசெலா அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஒதீலியா தொண்டையைக் கனைத்தாள். அவள் முகம் செக்கச்செவேல் என்றிருந்தது.

"மாத்திரையை மாத்த வேணாம்டி. நாளையிலேர்ந்து நான் வலது பக்கம் படுத்துக்கறேன்."