தண்ணீர் போகும் வழி

என்ஜின் சூட்டைக் காட்டும் முள் மறுபடியும் சிவப்பைத் தொட்டது.

அவன் பிக்கப்பை ஓரம் கட்டி என்ஜினை அணைத்தான். இரண்டு பக்கமும் பொட்டல். தூரத்தில் காற்றாலைகள் வரிசையாக நின்றன. ஒன்றின் இறக்கைகூட அசையவில்லை.

பின்னால் முப்பது தேன்பெட்டிகள். வாசல்களில் வலை அடித்து, மேலே ஈரச்சாக்கு போர்த்தியிருந்தது. வண்டி ஓடினால் காற்று போகும். நின்றால் பெட்டிகள் வெந்துவிடும்.

விடிவதற்குள் ரப்பர் தோட்டம் சேர்ந்துவிடலாம் என்று நம்பித்தான் பூ முடிந்த முருங்கைத் தோப்பிலிருந்து இரவிலேயே ஏற்றினார்கள். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்றியதில் வெயில் வந்துவிட்டது.

அவன் மனைவி ரோஸ்லெட் அதற்குள் இறங்கி, கேனைச் சாய்த்துச் சாக்குகளை நனைக்கத் தொடங்கியிருந்தாள்.

பெட்டிகள் அவளுடையவை. நோய் வந்து கூடுகளெல்லாம் செத்துப்போன ஆண்டில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதைப் பிரித்து, பிரித்ததையும் பிரித்து, இத்தனை ஆக்கியவள் அவள்.

வண்டி மட்டும்தான் அவன் பொறுப்பு.

சாலையில் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தான்.

ஒரு சொட்டு இல்லை.

ரேடியேட்டரின் அடியைத் தடவினான். குழாய்களைத் தடவினான். வாட்டர் பம்பைத் தடவினான். விரல் காய்ந்தே வந்தது. எழுந்து ஆயில் கம்பியை உருவிப் பார்த்தான். ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கவில்லை. வெள்ளைப் புகை வருகிறதா என்று வழிநெடுகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் வந்தான். அதுவும் இல்லை.

போன வாரம் ஒரு மெக்கானிக் ரேடியேட்டர் மூடியை மாற்றினார். இன்னொருவர் குழாயை மாற்றினார். ஊற்றுகிற தண்ணீர் மட்டும் எங்கோ போய்க்கொண்டே இருந்தது.

பைக்கில் வந்த ஒருவர் வேகம் குறைத்தார். பெட்டிகளைச் சுற்றி நாலைந்து தேனீக்கள் பறப்பதைப் பார்த்ததும் முறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

எங்கோ ஒரு வலை விலகியிருந்தது.

பெட்டிகளின் இரைச்சல் ஏறியது. உள்ளே அத்தனையும் சிறகடித்துக் காற்று வீசுகின்றன. அவற்றால் முடியாமல் போனால் மெழுகு இளகும். தேனடை சரியும். சேர்த்த தேனிலேயே முங்கிச் சாகும்.

"வலையத் தொறந்து விட்டுருவமா?"

"தொறந்தா போவும்," என்றாள் ரோஸ்லெட். "திரும்பி வரும்போ வண்டி இங்ஙன நிக்குமா? பொறவு எந்தக் கூட்டுக்குப் போவும்?"

அவன் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

காதோரம் ஓர் ஈ கடந்து போனது.

அது அவன்மேல் உட்காரவில்லை. நேரே கீழே இறங்கி, ரோஸ்லெட் கால் வைக்கும் இடத்தில் கால்மிதியின் ஓரத்தில் உட்கார்ந்தது. அங்கே ஏற்கெனவே ஏழெட்டு இருந்தன. எல்லாம் தலையைக் குனிந்து எதையோ குடித்துக்கொண்டிருந்தன.

"ரோஸி, வெள்ளத்த இஞ்ச சிந்தினியா?"

"இல்ல. கேன் பின்னாலயல்லா இருந்துது."

கால்மிதியை இழுத்தான்.

அடியில் குளமாக நின்றது. தொட்டால் பிசுபிசுத்தது. லேசான பச்சை, என்ஜினுக்கு ஊற்றும் கூலன்ட்டின் நிறம்.

டேஷ்போர்டுக்கு உள்ளிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஹீட்டர். மலைக்குளிருக்கென்று கம்பெனி வைத்தது. வாங்கிய நாளிலிருந்து அவன் அதைத் தொட்டதே இல்லை. இவ்வளவு நாளும் என்ஜின் தண்ணீர் அதற்குள் போய், அதன் ஓட்டை வழியே, அவள் காலடியில் இறங்கியிருக்கிறது.

அது குடிக்கிற தண்ணீரல்ல. ஈக்களைக் கையால் விரட்டினான். இரண்டு கொட்டின.

என்ஜின் ஆறும்வரை காத்திருக்க நேரமில்லை. ஹீட்டருக்குப் போகும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் உருவினான். ஆவி மணிக்கட்டில் அடித்தது. கத்தினான், கையை எடுக்கவில்லை. ஒரு குழாயை மட்டும் வளைத்து, என்ஜின் பக்கத்து இரண்டு வாய்களையும் இணைத்து, கிளிப்பை முறுக்கினான். இனி தண்ணீர் ஹீட்டருக்குள் போகாது. போன வேகத்தில் திரும்பிவிடும்.

கைநழுவி விழுந்த ஸ்க்ரூ டிரைவரை எடுக்கக் குனிந்தபோது பார்த்தான். பின்தட்டின் இடுக்கிலிருந்து மெல்லிய இழை ஒன்று தாரில் இறங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் பொன்னாக மின்னியது.

ஒரு பெட்டியில் அடை சரிந்துவிட்டது.

அவன் சொல்லவில்லை.

என்ஜினுக்குத் தண்ணீர் வேண்டும். இருப்பது அவள் கையிலிருக்கும் கேன். அதிலும் பாதிதான். கேட்க வாய் வரவில்லை.

அவளே வந்தாள். சாக்குகள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன.

"முழுசும் வண்டிக்கு ஊத்துங்க."

ஊற்றினான். கேனைக் கவிழ்த்து உதறினான்.

வண்டியைக் கிளப்பினான். முள் நடுவில் நின்றது. மேலே ஏறவில்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினார்கள். பிறகு காற்று வந்தது. பிறகு நிழல்.

தோட்டத்தில் மரத்துக்கு ஒன்றாகப் பெட்டிகளை இறக்கி வைத்தார்கள். ரோஸ்லெட் ஒவ்வொரு வாசலாக வலையைப் பிரித்தாள். முதலில் ஈக்கள் தள்ளாடி ஊர்ந்து வந்தன. ஒன்று பறந்தது. அப்புறம் கொத்துக் கொத்தாகக் கிளம்பி, புது இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தன. பெட்டிக்குப் பெட்டி அவள் நடை வேகமானது.

கடைசியாக ஒன்று இருந்தது. அடிப்பலகை முழுக்கப் பிசுபிசுப்பு.

அவன் முந்திக்கொண்டு குறுக்கே நின்றான்.

"இத நான் பாக்கேன். நீ போய் இரி."

"தெரியும்," என்றாள். "அங்ஙனயே தேன் மணத்துது. கேனத் தரும்போ தெரியும்."

அவன் விலகி இடம் விட்டான்.

அவள் மூடியைத் தூக்கவில்லை. மண்டியிட்டு, பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்தாள்.

வெகுநேரம் காதை எடுக்கவில்லை.